டேனியல் பெ. வெசன்

டேனியல் பெயர்டு வெசன் (மே 18, 1825 – ஆகஸ்ட் 4, 1906) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த துப்பாக்கி வடிவமைப்பாளரும் தொழிலதிபரும் ஆவார். ஹோரஸ் ஸ்மித்துடன் இணைந்து ஸ்மித் அண்டு வெசன் நிறுவனத்தைத் தொடங்கியவர். உலோகத் தோட்டாவைப் பின்பக்கமாக இட்டுச் சுடும் சுழல் துப்பாக்கியை (ரிவால்வர்) அமெரிக்காவில் முதன்முதலாகத் தொழில்முறையில் தயாரித்து விற்றவர்கள் இவ்விருவரே. அத்துப்பாக்கி 1857இல் வெளிவந்த 'முதல் மாதிரி' ஆகும். அதன் தொடக்கத் தயாரிப்புகளில் வெசன் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்த சிறு திருத்தங்கள், இன்று பழந்துப்பாக்கி சேகரிப்பவர்களால் மிகுந்த கவனத்துடன் ஆராயப்படுகின்றன.

இளமை

வெசன் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள வூஸ்டர் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ரூஃபஸ் வெசன் உழவர். மரக் கலப்பைகளையும் செய்து விற்று வந்தார். டேனியலின் மூத்த சகோதரர் எட்வின் வெசன், குறிபார்த்துச் சுடும் போட்டிகளுக்கான நீள்துப்பாக்கிகளைச் செய்வதில் பெயர் பெற்றிருந்தார். நார்த்பரோவில் இருந்த அண்ணனின் பட்டறையிலேயே டேனியல் தொழில் பழகினார்.

1847ஆம் ஆண்டு மே மாதம் சிந்தியா மரியா ஹாஸ் என்பவரை மணந்தார். வெறும் துப்பாக்கிக் கொல்லனுக்குப் பெண் கொடுக்கப் பெண்ணின் தந்தை இசையாததால், இருவரும் வீட்டைவிட்டுச் சென்று கனெடிகட் மாநிலத்தில் திருமணம் செய்துகொண்டனர். இவர்களது இல்வாழ்க்கை ஏறத்தாழ 59 ஆண்டுகள் நீடித்தது.

எட்வின் 1849இல் திடீரென இறந்தார். அவர் விட்டுச்சென்றவற்றுள் கடன்களும் இருந்தன. அவருடைய சுழல் துப்பாக்கி வடிவமைப்பைக் கொண்டு மாசச்சூசெட்ஸ் ஆர்ம்ஸ் கம்பெனி என்னும் நிறுவனம் தொடங்கப்பட்டது. ஆனால் சுழல் துப்பாக்கிக்கான காப்புரிமையை வைத்திருந்த சாமுவேல் கோல்ட் அதன்மீது வழக்குத் தொடுத்து 1851இல் வென்றார். நல்ல வடிவமைப்பு மட்டும் ஒரு தொழிலைக் காப்பாற்றாது, காப்புரிமை கையில் இருப்பவரே சந்தையை ஆள்வார் என்பதை இளம் வெசன் தம் குடும்பத்தின் இழப்பிலேயே கண்டார். அவருடைய பிற்கால நடவடிக்கைகளைப் புரிந்துகொள்ள இந்நிகழ்வை நினைவில் கொள்வது நல்லது.

ஸ்மித்துடன் முதல் கூட்டு

ஹோரஸ் ஸ்மித் (1808–1893) வெசனைவிட ஏறத்தாழ 17 வயது மூத்தவர். ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இருந்த அரசுப் படைக்கலச் சாலையில் பணியாற்றித் தேர்ந்தவர். இருவரும் 1852இல் கூட்டுச் சேர்ந்தனர். நெம்புகோலை இயக்கித் தோட்டாக்களை அடுத்தடுத்து ஏற்றும் கைத்துப்பாக்கி ஒன்றைக் கனெடிகட்டின் நார்விச் நகரில் செய்தனர். இதற்கான காப்புரிமை 1854 பிப்ரவரியில் கிடைத்தது. அதன் தோட்டா வலுவற்றது; பொறியமைப்பும் அடிக்கடி சிக்கிக்கொண்டது. 1855இல் இத்தொழில் வால்கானிக் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அந்நிறுவனத்தில் முதலீடு செய்தவர்களுள் சட்டைத் தயாரிப்பாளரான ஆலிவர் வின்செஸ்டரும் ஒருவர். பிற்காலத்தில் புகழ்பெற்ற வின்செஸ்டர் நீள்துப்பாக்கிகள் இந்தத் தோல்வியுற்ற கைத்துப்பாக்கியின் வழிவந்தவையே. வெசன் சில மாதங்கள் அந்நிறுவனத்தில் மேற்பார்வையாளராக இருந்துவிட்டு விலகினார்.

ரோலின் வைட்டின் காப்புரிமை

அக்காலத்துச் சுழல் துப்பாக்கிகளில் ஒவ்வோர் அறையிலும் வெடிமருந்தையும் குண்டையும் முன்புறமிருந்து இட்டுக் கெட்டித்து, பின்புறம் வெடிமூடி ஒன்றைப் பொருத்த வேண்டும். மழையிலும் அவசரத்திலும் இது பெருந்தொல்லை. குண்டு, மருந்து, வெடிமூடி மூன்றும் ஒரே உலோகக் கூட்டில் அடங்கிய தோட்டாவைப் பின்புறமிருந்து இட முடிந்தால் இத்தொல்லை நீங்கிவிடும். அதற்குத் துப்பாக்கியின் உருளையில் உள்ள அறைகள் ஒருமுனையிலிருந்து மறுமுனைவரை முழுதாகத் துளைக்கப்பட்டிருக்க வேண்டும். இன்று இது மிக எளிய செய்தியாகத் தோன்றலாம். ஐரோப்பாவில் இத்தகைய துப்பாக்கிகள் ஏற்கெனவே இருந்தன. ஆனால் அமெரிக்காவில் இதற்கான காப்புரிமையை 1855 ஏப்ரல் 3 அன்று பெற்றிருந்தவர் ரோலின் வைட் ஆவார்.

வைட் முன்னர் கோல்ட்டின் தொழிற்சாலையில் பணியாற்றியவர். அவருடைய காப்புரிமையில் விளக்கப்பட்டிருந்த துப்பாக்கி நடைமுறைக்கு உதவாத ஒன்று. அதில் மதிப்புடையதாக இருந்தது முழுத்துளை உருளை பற்றிய பகுதி மட்டுமே. கோல்ட்டின் காப்புரிமை 1857இல் முடிவடைய இருந்ததை எதிர்நோக்கியிருந்த வெசன், வைட்டை அணுகினார். 1856 நவம்பர் 17 அன்று உடன்படிக்கை கையெழுத்தானது. வைட்டுக்கு விற்கப்படும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் 25 செண்ட் உரிமத்தொகை வழங்கப்படும். அதற்கு ஈடாக, காப்புரிமையை மீறுபவர்கள்மீது வழக்குத் தொடுக்கும் பொறுப்பும் செலவும் வைட்டையே சாரும். இந்தக் கடைசி நிபந்தனை வைட்டின் வாழ்க்கையையே தீர்மானித்துவிட்டது.

முதல் மாதிரி (1857)

ஸ்மித்தும் வெசனும் ஸ்பிரிங்ஃபீல்டு நகரின் மார்க்கெட் தெருவில் சிறு பட்டறை ஒன்றைத் தொடங்கினர். பிரான்சு நாட்டவரான ஃபுளோபேர், உள்ளரங்கில் சுட்டுப் பழகுவதற்காக உருவாக்கிய சிறு உலோகத் தோட்டாவை வெசன் அடிப்படையாகக் கொண்டார். அதன் கூட்டை நீட்டிக் கரும்வெடிமருந்தை நிரப்பினார். கூட்டின் அடிவிளிம்புக்குள் வெடிப்பூச்சு தடவப்பட்டிருக்கும்; துப்பாக்கியின் சுத்தியல் விளிம்பில் அடித்தால் தோட்டா வெடிக்கும். இவ்வகைத் தோட்டா 'ரிம்ஃபயர்', அதாவது விளிம்பு வெடித் தோட்டா எனப்படுகிறது. வெசன் உருவாக்கிய தோட்டா '.22 ஷார்ட்' என்னும் பெயரில் 21ஆம் நூற்றாண்டிலும் தயாரிக்கப்பட்டு வருகிறது. அமெரிக்கத் தோட்டாக்களில் இதைவிட நீண்டகாலம் தொடர்ந்து தயாரிக்கப்பட்டது வேறில்லை.

முதல் மாதிரி ஏழு தோட்டாக்களைக் கொண்ட சிறிய துப்பாக்கியாகும். சட்டைப் பையில் அடங்கும் அளவே இருந்தது. விசைக்குக் காப்பு வளையம் இல்லை. ஒவ்வொரு முறை சுடுமுன்னும் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னிழுத்து நிறுத்த வேண்டும். விசையை அழுத்தினால் சுத்தியல் விழும். விசைக்கு இந்த ஒரே வேலைதான் என்பதால் இவ்வகை 'சிங்கிள் ஆக்சன்' எனப்பட்டது. தோட்டா இடுவதற்குப் பிடிப்பை அழுத்திக் குழலை மேல்நோக்கி மடக்கி, உருளையை வெளியே எடுக்க வேண்டும். வெற்றுக் கூடுகளைக் குழலின் அடியில் உள்ள கம்பியால் குத்தி வெளியேற்ற வேண்டும். சட்டகம் பித்தளையால் செய்யப்பட்டு வெள்ளி முலாம் பூசப்பட்டிருந்தது. குழல் எண்பட்டை வடிவானது.

இந்த எளிய பொறிக்குள் தீர்க்கப்படாத சிக்கல் ஒன்று இருந்தது. விளிம்பில் அடிபட்டு வெடிக்க வேண்டுமானால் தோட்டாவின் செப்புக் கூடு மெல்லியதாக இருந்தாக வேண்டும். ஆனால் மெல்லிய கூடு, சுட்டவுடன் பின்புறமாகப் புடைத்துச் சட்டகத்தில் அழுந்தி, உருளையைச் சுழலவிடாமல் தடுத்தது. அடுத்த குண்டு சுட முடியாத சுழல் துப்பாக்கியால் யாருக்கும் பயனில்லை. எனவே உருளைக்குப் பின்னால், உருளையோடு சேர்ந்து தானும் சுழலும் வட்டத் தகடு ஒன்றை வெசன் பொருத்தினார். புடைத்த கூடு தகட்டில் அழுந்தினாலும் தகடும் உடன் சுழல்வதால் உருளை சிக்காது என்பது இதன் கருத்து.

தகடு அமைந்த பின்னும் வெசன் நிறைவடையவில்லை. 1857 முதல் 1860 வரை ஏறத்தாழ 11,671 துப்பாக்கிகள் செய்யப்பட்டன. இவை 'முதல் வெளியீடு' எனப்படுகின்றன. இந்தக் குறுகிய காலத்துக்குள்ளேயே வடிவமைப்பு பலமுறை மாறியது. பிற்கால ஆய்வாளர்கள் இவற்றை ஆறு வகைகளாகப் பிரித்துள்ளனர். ஏறத்தாழ முதல் இருநூறு துப்பாக்கிகள் முதல் வகை. இவற்றில் குழலைப் பூட்டும் பிடிப்பு ஈட்டிமுனை போன்று சட்டகத்தினுள் அமைந்திருக்கும். இரண்டாம் வகையில் பின்தகடு திருத்தப்பட்டது. இவ்வகை ஏறத்தாழ 1,130ஆம் எண் வரை நீள்கிறது. மூன்றாம் வகையில் ஈட்டிமுனைப் பிடிப்பு கைவிடப்பட்டு, பக்கவாட்டில் துருத்தி நிற்கும் வில்பிடிப்பு வந்தது. விரலுக்கு இது எளிதாக அகப்பட்டது. 3,000ஐத் தாண்டியதும் வரும் நான்காம் வகையில் பின்தகடு மிகச் சிறியதாயிற்று. ஐந்தாம் வகையில் குழலுக்குள் இருந்த மூன்று சுழல்வரிப் பள்ளங்கள் ஐந்தாக்கப்பட்டன. ஏறத்தாழ 5,500க்குப் பிறகு வந்த ஆறாம் வகையில் சுழலும் தகடு அறவே நீக்கப்பட்டது. ஆக, முதலில் பெருந்தீர்வாகக் கருதப்பட்ட உறுப்பு மூன்றாண்டுக்குள் தேவையற்றதாகிவிட்டது. முதல் வெளியீட்டின் பாதிக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் ஆறாம் வகையைச் சேர்ந்தவை.

மேற்கண்ட எண்களைக் கறாரான எல்லைகளாகக் கொள்ளலாகாது. புதிய உறுப்பு வந்த அன்றே பழைய உறுப்புகள் எறியப்படவில்லை. இருப்புத் தீரும்வரை பயன்படுத்தப்பட்டன. ஆகவே எல்லையை ஒட்டிய எண்களில் இருவகைக் கூறுகளும் கலந்த துப்பாக்கிகளும் கிடைக்கின்றன.

1860இல் வந்த இரண்டாம் வெளியீட்டில் வளைந்த சட்டகப் பக்கங்கள் தட்டையாயின. கீலில் அசையும் தனித்துண்டைக் கொண்டிருந்த சுத்தியல் ஒரே வார்ப்பாக மாறியது. பக்க மூடி பெரிதாக்கப்பட்டதால் உட்பொறியைப் பழுதுபார்ப்பது எளிதாயிற்று. 1868இல் வந்த மூன்றாம் வெளியீட்டில் உருண்டைக் குழலும், பள்ளமிட்ட உருளையும், பறவைத்தலை போன்று வளைந்த கைப்பிடியும் அமைந்தன. 1882இல் தயாரிப்பு முடிவுற்றபோது மூன்று வெளியீடுகளும் சேர்ந்து ஏறத்தாழ இரண்டரை இலட்சம் துப்பாக்கிகள் செய்யப்பட்டிருந்தன.

உள்நாட்டுப் போரும் வழக்குகளும்

1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியது. .22 தோட்டா போர்க்களத்துக்குப் போதிய வலுவுடையதன்று. அரசும் முதல் மாதிரியைப் படைக்கருவியாக ஏற்கவில்லை. ஆயினும் போருக்குப் புறப்பட்ட வீரர்களும் அதிகாரிகளும் தற்காப்புக்காகத் தம் சொந்தப் பணத்தில் இதனை வாங்கினர். 1861இல் வந்த ஆறு தோட்டாக்கள் கொண்ட .32 அளவு 'இரண்டாம் மாதிரி'யையும் அவ்வாறே வாங்கினர். ஸ்டாக்பிரிட்ஜ் தெருவில் எழுப்பப்பட்ட புதிய தொழிற்சாலையாலும் தேவையை ஈடுகட்ட முடியவில்லை.

வாங்க ஆளிருந்தும் பொருள் இல்லாத நிலையில், பிற நிறுவனங்கள் முழுத்துளை உருளைத் துப்பாக்கிகளைச் செய்து விற்கத் தொடங்கின. உடன்படிக்கையின்படி வைட் வழக்குமேல் வழக்காகத் தொடுத்தார். ஈத்தன் ஆலன் என்னும் தயாரிப்பாளர்மீது தொடுத்த வழக்கில் 1863இல் வைட் வென்றார். மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் சரிசமமாகப் பிரிந்ததால் அத்தீர்ப்பே நிலைத்தது. மீறியவர்கள் செய்து முடித்த துப்பாக்கிகள் சில, ஸ்மித் அண்டு வெசனுக்காகச் செய்யப்பட்டவை என்ற முத்திரையுடன் விற்கப்பட்டன. வைட்டின் பெயரிலேயே லோவெல் நகரில் தொடங்கப்பட்ட நிறுவனம் ஏறத்தாழ 10,000 துப்பாக்கிகளைச் செய்து, பெரும்பாலானவற்றை ஸ்மித் அண்டு வெசனுக்கு அளித்தது. அந்நிறுவனமே பின்னர் வேறு பெயரில் இயங்கி வைட்டின் காப்புரிமையை மீறியது; தம் பழைய நிறுவனத்தின்மீதே அவர் வழக்காட நேர்ந்தது.

காப்புரிமை 1869 ஏப்ரலில் காலாவதியானது. வைட் அதுவரை உரிமத்தொகையாகப் பெற்றது ஏறத்தாழ 71,000 டாலர். அதில் பெரும்பகுதி வழக்குச் செலவில் கரைந்தது. காப்புரிமையை நீட்டிக்க வழிசெய்யும் சட்டவரைவு காங்கிரசில் நிறைவேறியது. ஆனால் குடியரசுத் தலைவர் யுலிசீஸ் கிராண்ட் 1870 ஜனவரியில் அதனைத் தடுத்துவிட்டார். போர்க்காலத்தில் இக்காப்புரிமையால் அரசுக்கு இடையூறு விளைந்தது என்று படைக்கலத் துறைத் தலைவர் கருத்துத் தெரிவித்திருந்தார். இதே காப்புரிமையால் செல்வர்களான ஸ்மித்தும் வெசனும் ஒரு வழக்கையும் தம் செலவில் நடத்தவேண்டிய கட்டாயத்துக்கு உள்ளாகவில்லை. உடன்படிக்கை சட்டப்படி சரியானதே. நியாயமானதா என்பதில் வரலாற்றாசிரியர்கள் வைட்டின்பால் இரக்கம் கொண்டே எழுதுகின்றனர்.

பிற்காலம்

காப்புரிமை முடிவதற்குள் வெசன் அடுத்த துப்பாக்கியை ஆயத்தப்படுத்தியிருந்தார். 1870இல் வந்த மூன்றாம் மாதிரி .44 அளவுள்ள பெருந்துப்பாக்கி. குழலைக் கீழ்நோக்கி மடக்கியதும் எல்லா வெற்றுக் கூடுகளையும் ஒருங்கே வெளியே தள்ளியது. அமெரிக்கப் படை 1,000 துப்பாக்கிகளை வாங்கியது. உருசியப் பேரரசு 1871இல் 20,000க்கு ஆணை தந்து, பின்னர் மொத்தம் ஓர் இலட்சத்துக்கும் மேல் வாங்கியது. 1873இல் ஸ்மித் தம் பங்கை வெசனுக்கு விற்று ஓய்வு பெற்றார். பின்னாளில் வெசனின் புதல்வர்கள் தொழிலில் இணைந்தனர். அவர்களுள் ஃபிராங்க் 1887இல் வெர்மாண்ட் மாநிலத்தில் நிகழ்ந்த தொடர்வண்டி விபத்தில் இறந்தார்.

1902இல் வந்த 'லேடிஸ்மித்' என்னும் சிறு .22 துப்பாக்கியைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. விலைமகளிர் அதை விரும்பி வாங்கினர் என அறிந்த வெசன், தயாரிப்பை நிறுத்தச் சொன்னாராம். அத்துப்பாக்கி 1921 வரை தயாரிக்கப்பட்டது. வெசனோ 1906லேயே இறந்துவிட்டார். எனவே இக்கதை ஏற்கத்தக்கதன்று.

ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் வெசன் பெயரால் ஒரு பொது மருத்துவமனையும் மகப்பேற்று மருத்துவமனையும் நிறுவப் பெரும்பொருள் அளித்தார். இவற்றின் வழிவந்த நிறுவனங்கள் 1970களில் பேஸ்டேட் மருத்துவ மையத்துடன் இணைந்தன. தொழில் பழகிய நார்த்பரோவில் 1886இல் 'வைட் கிளிஃப்ஸ்' என்னும் கோடைமாளிகையைக் கட்டினார். அதனை 2016இல் அவ்வூராட்சி வாங்கியது. மனைவி சிந்தியா 1906 ஜூலையில் காலமானார். சில வாரங்களில், ஆகஸ்ட் 4 அன்று, வெசனும் காலமானார். நிறுவனம் 1965 வரை அவருடைய குடும்பத்தினரிடம் இருந்தது.

சேகரிப்பாளர்களிடையே முதல் மாதிரி

1898 அல்லது அதற்கு முன் செய்யப்பட்ட துப்பாக்கிகளை அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் தொன்மைப் பொருளாகக் கருதுகிறது. முதல் மாதிரி முழுவதும் இதில் அடங்கும். 1970இல் ஸ்மித் அண்டு வெசன் சேகரிப்பாளர் சங்கம் தொடங்கப்பட்ட பின் இவற்றைப் பற்றிய ஆய்வு முறைப்பட்டது.

வழக்கமாக ஒரு பொறியின் செம்மையான வடிவமே உயர்வாக மதிக்கப்படும். இங்கு அது தலைகீழ். ஆறாம் வகை நன்கு இயங்குவது, எண்ணிக்கையிலும் மிகுந்தது. ஆகவே முதல் வெளியீட்டில் எளிதாகக் கிடைப்பது அதுவே. வெசன் ஒதுக்கித் தள்ளிய ஈட்டிமுனைப் பிடிப்பையும் பெரிய சுழல்தகட்டையும் கொண்ட முதல் இரு வகைகளே அரியவை. கைப்பிடியின் அடியில் உள்ள வரிசை எண்ணை மட்டும் நம்பி ஏமாறுவோரும் உண்டு. மூன்றாம் வெளியீட்டில் எண்கள் மீண்டும் 1இலிருந்து தொடங்கின. எனவே 150 என்ற எண்ணைக் கண்டவுடன் அது 1857ஐச் சேர்ந்தது என்று முடிவுகட்டலாகாது. சட்டகம், பிடிப்பு, தகடு, பள்ளங்களின் எண்ணிக்கை ஆகிய யாவும் எண்ணோடு பொருந்த வேண்டும். பிற்காலத்தில் மீண்டும் முலாம் பூசி மெருகேற்றினால் துப்பாக்கி அழகாகத் தெரியும், மதிப்போ குறையும். துப்பாக்கியின் உருவம் பொறித்த, குட்டா-பெர்ச்சா என்று பொதுவாக வழங்கப்படும் வார்ப்புப் பெட்டியோடு கிடைக்கும் முதல் வெளியீடு மிகவும் விரும்பப்படுகிறது.

உள்நாட்டுப் போரின்போது, இரண்டாம் வெளியீட்டில் சிறு குறைகளோடு வெளிவந்த துப்பாக்கிகள் வீணாக்கப்படவில்லை. இரண்டாம் தரம் என்று குழலில் முத்திரையிட்டுக் குறைந்த விலைக்கு விற்கப்பட்டன. இன்று அந்த முத்திரை உள்ள துப்பாக்கி, குறையற்ற அதன் உடன்பிறப்புகளைவிடக் கூடுதல் விலைக்குப் போகிறது.